பதின்மூன்று குழந்தைகளும் ஒரு பீட்டரும்

ஓராள் நாடகம் பார்வையாளருக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறது. இங்கே பேசப்போவது ஒருத்தி மட்டும். அவளுக்கும் நமக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை என்பதே அந்த வாக்கு. வரலாற்றில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றிய நாடகம் என்றால் இந்த நம்பிக்கை இன்னும் இறுகிவிடுகிறது. நடிப்பவர் 'நான்' என்றதும், அந்தப் பெண்ணே எழுந்து வந்து சொல்வதாக நாம் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். தன் கையால் ஒரு வரியும் எழுதாமல் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணைப் பற்றிய நாடகத்தில் இந்த 'நான்' யாருடையது? அண்மையில் இணையவழி நடந்த ஒரு நாடக வாசிப்பைக் கேட்ட பிறகு என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இது.

நாடகம் சோஜர்னர் ட்ரூத்தைப் பற்றியது. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கவும் பெண்களின் உரிமைக்காகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய கறுப்பினப் பெண். இன்னும் மேடையேறாத, திருத்தப்பட்டுக்கொண்டிருக்கிற பிரதி என்பதால் நாடகத்தின் பெயரையும் அதில் பங்கேற்றவர்களின் பெயர்களையும் இங்கே தவிர்க்கிறேன். வாசித்தவர் அமெரிக்கக் கறுப்பின நடிகை ஒருவர். ஒப்பனை இல்லை, விளக்கமைப்பு இல்லை. கணினித் திரையின் சிறு கட்டத்துக்குள் முகமும் தோளும், கையில் கத்தையாகத் தாள்கள். அவர் பக்கம் திருப்பும் ஓசைகூட நமக்குக் கேட்டது.

முதல் காட்சி அடிமை ஏலம். 1797ஆம் ஆண்டை ஒட்டி, நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில், டச்சு வழிவந்த ஒரு குடும்பத்தின் அடிமைகளுக்குப் பிறந்தவர் இசபெல்லா. பின்னாளில், 1843இல், தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர்தான் சோஜர்னர் ட்ரூத். அடிமை முறை என்றதும் தெற்கு மாநிலங்களின் பருத்திக்காடுகளே நம் நினைவுக்கு வரும். இசபெல்லா வளர்ந்தது வடக்கில். பேசியது டச்சு மொழி. ஏறக்குறைய ஒன்பது வயதில் ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து நூறு டாலருக்கு அவள் விற்கப்பட்டாள். வாங்கிய நீலியின் வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. அங்கே வாணலி கேட்டால் அவளுக்குப் புரியாது. பானை மாட்டும் கொக்கியைக் கொண்டுபோய் நீட்டுவாள். அதற்கு அடி விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெருப்பில் வாட்டிய குச்சிகளைக் கட்டாகக் கட்டி அவள் முதுகைக் கிழித்தான் அந்த ஆள். நாடகாசிரியர் இந்தப் பகுதியை மிகுந்த நிதானத்தோடு எழுதியிருக்கிறார். ஒரு மொழி உடம்பில் எப்படி ஏறியது என்பதை அழுகையோ கூச்சலோ இல்லாமல் காட்டிவிடுகிறார். நடிகை அந்தச் சிறுமியின் டச்சுச் சொற்களை மெல்ல, நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல உச்சரித்தார்.

இரண்டாம் காட்சி பீட்டர். வாசிப்பின் உச்சம் என்று நான் கருதுவது இதைத்தான். நியூயார்க்கில் 1827 ஜூலை 4ஆம் நாள் அடிமை முறை முடிவுக்கு வரவிருந்தது. அதற்கு ஓராண்டு முன்பே விடுதலை தருவதாக எசமானன் டுமான்ட் இசபெல்லாவுக்கு வாக்களித்திருந்தான். அவள் கையில் காயம் பட்டு வேலை குறைந்தது என்று காரணம் காட்டி அந்த வாக்கை மீறினான். அவன் ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்த பிறகும், சுமார் நூறு பவுண்டு கம்பளியை நூற்று முடித்துவிட்டு, 1826இன் கடைசியில் ஒரு விடியற்காலை கைக்குழந்தை சோஃபியாவோடு அவர் வெளியேறினார். மற்றக் குழந்தைகளைக் கூட்டிச்செல்ல வழியில்லை. 1799ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் பெயரளவில் சுதந்திரர்கள். ஆனால் இருபது வயதைத் தாண்டும்வரை தாயின் எசமானனுக்கு உழைத்தாக வேண்டும்.

விட்டுவந்த பிள்ளைகளில் ஒருவன் பீட்டர். ஐந்து வயதை ஒட்டிய அந்தச் சிறுவன் கை மாறி, சட்டத்துக்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்கப்பட்டான். வெளிமாநிலத்துக்கு விற்பதை நியூயார்க் சட்டம் தடை செய்திருந்தது. குவேக்கர் குடும்பங்களின் உதவியோடு இசபெல்லா நீதிமன்றம் ஏறினார். 1828இல் மகன் மீண்டான். ஒரு கறுப்பினப் பெண் வெள்ளை ஆண்களுக்கு எதிராக வழக்குத் தொடுத்து வென்ற, நமக்குத் தெரிந்த மிகத் தொடக்ககால வழக்குகளில் இது ஒன்று. அந்த நீதிமன்ற ஆவணங்கள் நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் 2022இல்தான் கண்டெடுக்கப்பட்டன.

நாடகம் வெற்றியோடு நின்றுவிடவில்லை. நீதிபதி முன் கொண்டுவரப்பட்ட பீட்டர், இவள் என் அம்மா இல்லை என்று கத்துகிறான். எசமானனைக் கட்டிக்கொண்டு, என்னை அனுப்பாதீர்கள் என்று கெஞ்சுகிறான். நெற்றித் தழும்பைப் பற்றிக் கேட்டால் குதிரையால் வந்தது என்கிறான். வீடு வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் முதுகு முழுக்கத் தழும்பு என்று தெரிகிறது. இந்தக் காட்சி முழுவதையும் நடிகை தாளிலிருந்து கண் எடுக்காமல் வாசித்தார். நீதிமன்றத்தில் அழுகிற மகனைப் பார்த்து நிற்கும் தாயின் முகத்தை அவர் 'நடித்து'க் காட்டவில்லை. அடுத்த வரி என்ன சொல்லப்போகிறதோ என்ற தயக்கத்தோடு ஒவ்வொரு வரியாக இறங்கினார். வாசிப்பு என்ற வடிவத்துக்கே உரிய அந்தத் தயக்கம், தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஒருத்தியின் தயக்கமாகவும் மாறியது.

மூன்றாம் காட்சி ஆக்ரன். ஓஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் 1851 மே மாத இறுதியில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் ட்ரூத் ஆற்றிய உரை. உலகமே 'நான் பெண்ணில்லையா?' என்ற கேள்வியாக நினைவில் வைத்திருக்கும் உரை. இந்த இடத்தில் நடிகை தாளைக் கீழே வைத்துவிட்டார். நிமிர்ந்து, நேரே நம்மைப் பார்த்து, மனப்பாடமாகச் சொன்னார். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த உரை என்பதால் அவருக்குத் தாள் தேவைப்படவில்லை. குரல் மாறியது, தெற்கு மாநிலக் கறுப்பினப் பேச்சின் சாயல் ஏறியது. பதின்மூன்று குழந்தைகளைப் பெற்று, ஏறக்குறைய எல்லாரையும் அடிமைச் சந்தைக்குப் பறிகொடுத்தேன் என்றார். சட்டைக் கையை மேலேற்றிப் புயத்தைக் காட்டினார். அந்தப் புயம் திரையின் கட்டத்துக்கு வெளியே போய்விட்டதால் நமக்குத் தெரியவில்லை.

இங்கேதான் எனக்கு இடறியது. முதல் காட்சியில் டச்சு பேசிய சிறுமிக்குத் தெற்கத்திப் பேச்சு எங்கிருந்து வந்தது? இரண்டாம் காட்சியில் ஒரே மகனுக்காக நீதிமன்றம் ஏறிய தாய்க்குப் பதின்மூன்று பிள்ளைகள் எப்படி வந்தார்கள்? ட்ரூத் பெற்றது ஐந்து குழந்தைகள். இருபது நிமிட இடைவெளியில் நாடகம் தன்னைத் தானே மறுத்துக்கொள்கிறது. உணர்ச்சியின் வேகத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை.

இந்த முரணுக்கு வரலாற்றில் விடை இருக்கிறது. ஆக்ரன் உரைக்கு இரண்டு முக்கியமான பதிவுகள் உண்டு. ஒன்று, ட்ரூத்தின் நண்பரும் மாநாட்டில் நேரில் இருந்தவருமான மேரியஸ் ராபின்சன், ஒரு மாதத்துக்குள், 1851 ஜூன் 21 அன்று ஓர் அடிமை ஒழிப்பு இதழில் வெளியிட்டது. மற்றொன்று, மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஃபிரான்சிஸ் டேனா கேஜ், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863 ஏப்ரலில் நினைவிலிருந்து எழுதியது. அதே மாதம்தான் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் ட்ரூத்தைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டிருந்தார். அதில் ட்ரூத் ஆப்பிரிக்காவில் பிறந்தவர். அதுமட்டுமல்ல, இறந்தும் போய்விட்டார். உண்மையில் அதன் பிறகு இருபது ஆண்டுகள் வாழ்ந்து 1883இல்தான் அவர் மறைந்தார். கேஜின் கட்டுரை இந்தப் பரபரப்பின் சூட்டில் வந்தது.

ராபின்சன் பதிவில் 'நான் பெண்ணில்லையா' என்ற கேள்வி ஒருமுறைகூட இல்லை. குழந்தைகளின் எண்ணிக்கை இல்லை. தெற்கத்திப் பேச்சும் இல்லை. இவை மூன்றும் கேஜ் சேர்த்தவை. கேஜ் அச்சிட்ட வடிவில்கூட இன்று நாம் மேற்கோள் காட்டும் 'எய்ன்ட்' இல்லை, 'ஆர்ன்ட்' என்றுதான் இருந்தது. 'எய்ன்ட்' அதற்கும் பிறகு வேறு கைகள் செய்த மாற்றம். வரலாற்றாசிரியர் நெல் ஐர்வின் பெயின்டர் 1996இல் எழுதிய ட்ரூத்தின் வாழ்க்கை வரலாறு இந்த வேறுபாடுகளை விரிவாக எடுத்துக்காட்டியது. ஆய்வுலகம் ஏற்றுக்கொண்ட செய்திதான் இது. மேடைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

சொல் எப்படி இருந்தால் என்ன, உணர்வு உண்மைதானே என்று கேட்கலாம். வகுப்பில் மாணவிகள் கேட்பதும் இதைத்தான். அந்தக் கேள்வியின் வலிமையை நான் மறுக்கவில்லை. 1981இல் பெல் ஹூக்ஸ் தன் நூலுக்கு அதையே தலைப்பாக்கி, கறுப்பினப் பெண்ணை மறந்துவிட்ட வெள்ளைப் பெண்ணியத்தின் முன் நிறுத்தினார். ஒரு கற்பனை வரியும் போராட்டத்தின் கருவியாகலாம். ஆனால் அந்த வரி வந்து உட்கார்ந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

ராபின்சன் பதிவில் ட்ரூத் தானே பெண்ணுரிமை என்று அறிவித்துவிட்டுத்தான் தொடங்குகிறார். எந்த ஆணுக்கும் குறையாத வலிமை தனக்கு உண்டு என்கிறார். உழுதேன், அறுத்தேன், மரம் வெட்டினேன் என்று தன் வேலைகளை அடுக்குகிறார். ஆணின் அறிவு பெரிய படியளவு, பெண்ணின் அறிவு சின்னப் படியளவு என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சின்னப் படி நிறைய ஏன் தரக்கூடாது என்று கேலி செய்கிறார். ஏவாள் உலகைத் தலைகீழாக்கினாள் என்றால், அதை நேராக நிமிர்த்த அவளுக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்கிறார். இந்தப் பெண் யாரிடமும் தன் பெண்மைக்குச் சான்று கேட்கவில்லை. கேஜின் பதிவிலோ நான்குமுறை அவையைப் பார்த்துக் கேட்கிறார். அறிவிப்பு விண்ணப்பமாகிவிட்டது. ஆம், நீயும் பெண்தான் என்று சொல்லும் அதிகாரம் எதிரே அமர்ந்திருக்கும் வெள்ளைப் பெண்களிடம் போய்விட்டது. கேஜின் சித்திரிப்பில், ட்ரூத் எழுந்தபோது அவரைப் பேச விடாதீர்கள் என்று பலரும் தடுக்கிறார்கள். தலைவியான கேஜ்தான் இடம் தருகிறார். அன்றைய இதழ்ச் செய்திகளில் அப்படிப்பட்ட எதிர்ப்பு காணப்படவில்லை. கதைக்கு ஒரு மீட்பர் தேவைப்பட்டிருக்கிறார்.

பதின்மூன்று என்ற எண்ணும் அப்படித்தான் வேலை செய்கிறது. பறிபோன பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூடத் தாயின் துயரம் பெரிதாகும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, தாய்க்குச் செயல் கிடையாது. அழுகை மட்டுமே உண்டு. பீட்டருக்கு ஒரு பெயர் இருக்கிறது, வழக்கு இருக்கிறது, தாயை மறுத்த குரல் இருக்கிறது. அவனை மீட்கச் சட்டத்தின் கதவைத் தட்டிய ஒருத்தி இருக்கிறாள். தைரியமாக பீட்டரின் காட்சியை எழுதிய நாடகாசிரியர், அடுத்த காட்சியிலேயே பதின்மூன்றை உள்ளே விட்டு அவனை அந்தக் கூட்டத்தில் தொலைத்துவிடுகிறார். இந்தப் பிரதியில் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது இதுதான்.

ட்ரூத்தின் வாழ்க்கைக் கதையும் இன்னொருவர் கையால்தான் எழுதப்பட்டது என்று ஒரு தோழி நினைவூட்டலாம். சரிதான். 1850இல் வந்த அந்த நூலை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் ஆலிவ் கில்பர்ட் என்ற வெள்ளைப் பெண். 'நான்' என்று தொடங்கும் தன்வரலாறாக அது இல்லை. ட்ரூத்தை 'அவள்' என்று குறிப்பிட்டு, நடுநடுவே கில்பர்ட் தன் கருத்துகளையும் சொல்லிக்கொண்டு போகிறார். வாணலிக் கதையும் பீட்டரின் கதையும் அந்தக் கை வழியாகவே நமக்கு வந்திருக்கின்றன. ஆனால் அங்கே கை வெளிப்படையாக இருக்கிறது. எங்கே ட்ரூத் முடிகிறார், எங்கே கில்பர்ட் தொடங்குகிறார் என்று வாசகி தடவிப் பார்க்க முடிகிறது. அந்த நூலை ட்ரூத் தானே கூட்டங்களில் விற்றார், அதில் வந்த வருமானத்தில் வாழ்ந்தார்.

எழுதத் தெரியாத அந்தப் பெண் தன் உருவத்தையும் சொல்லையும் எவ்வளவு கவனமாகக் காத்தார் என்பது நாடகத்தில் இல்லாத நான்காவது காட்சி. 1860களில் அவர் தன் நிழற்படங்களைச் சிறு அட்டைகளாக அச்சிட்டு விற்றார். வெள்ளைத் தலைக்குல்லாய், சால்வை, மூக்குக்கண்ணாடி, சிலவற்றில் மடியில் பின்னல் வேலை. அட்டையின் பதிப்புரிமை நிழற்படக்காரர் பெயரில் இல்லை, அவர் பெயரில் இருந்தது. ஒரு காலத்தில் இன்னொருவரின் சொத்தாக விலை பேசப்பட்ட உடல், தன் படத்துக்குத் தானே உரிமை கோரியது. 1858இல் இந்தியானா மாநிலத்தில் ஒரு கூட்டத்தில், நீ ஆண் என்று சந்தேகிக்கிறோம், நிரூபி என்று கேட்டவர்கள் முன் அவர் மார்பைத் திறந்து காட்ட நேர்ந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் எடுத்த படங்களில், கழுத்துவரை மூடிய உடையில், தான் எப்படித் தெரிய வேண்டும் என்று விரும்பினாரோ அப்படி அமர்ந்திருக்கிறார். கணினிக் கட்டத்துக்கு வெளியே போய்விட்ட அந்தப் புயம், எனக்கு இந்தப் படங்களைத்தான் நினைவூட்டியது. கறுப்பினப் பெண்ணின் உடலைக் காட்டச் சொல்லிக்கொண்டே இருக்கும் நம் ஆவலுக்கு அந்தக் கட்டம் தற்செயலாக ஒரு திரை போட்டது. காட்சி அதனால் எதையும் இழக்கவில்லை.

பேச்சைப் பற்றியும் அவருக்கு ஒரு குறை இருந்தது. 1879இல் மிச்சிகன் மாநிலச் செய்தித்தாள் ஒன்று அதைப் பதிவு செய்திருக்கிறது. டச்சுக்காரர்களிடையே வளர்ந்து ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்ற அவருக்குத் தன் ஆங்கிலம் ஓரளவு திருத்தமானது என்பதில் பெருமை உண்டு. தன் வாயில் தெற்கத்திப் பேச்சைத் திணித்து எழுதுவது நியாயமில்லை என்று அவர் கருதினார். அதே ட்ரூத், 1875இல் விரிவாக்கி வெளியிடப்பட்ட தன் வாழ்க்கைக் கதையை, கேஜின் கட்டுரையையும் ஸ்டோவின் கட்டுரையையும் உள்ளடக்கிய அந்த நூலை, கூட்டங்களில் விற்றும் இருக்கிறார். தன்னைத் தவறாகச் சொன்ன சொற்களை விற்றுத் தன் முதுமைக்குச் சோறு தேடியவர், அவற்றின் மீது முறையிடவும் செய்தார். இந்த இரண்டையும் ஒரே பெண் செய்தார் என்பதைவிட நல்ல நாடகம் எங்கே கிடைக்கும்?

மேடையில் ஒருத்தி நின்றாலும், ஓராள் நாடகத்தால் பலரைப் பேசவைக்க முடியும். அதே நடிகை கேஜாக மாறி, நினைவைத் துழாவி எழுதலாம். ராபின்சனாக மாறி அவசரமாகக் குறிப்பெடுக்கலாம். செய்தித்தாளைக் கேட்டுவிட்டு, நான் இப்படியா பேசினேன் என்று ட்ரூத் முகம் சுளிக்கலாம். வாசிப்பில் நடிகையின் கையிலிருந்த தாள்கள் இதற்கெல்லாம் போதும். மேடையேறும்போது அந்தத் தாள்களை ஒளித்துவைக்காமல் இருந்தால், ட்ரூத்தின் குரல் யார் யார் கை வழியாக வந்தது என்பதைப் பார்வையாளர் கண்ணாலேயே காண்பார்கள்.

ட்ரூத்தைத் தமிழில் மொழிபெயர்க்க விரும்பும் மாணவிகளுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. எழுத்தறியாத அடிமைப் பெண் என்றவுடன் கொச்சையான பேச்சுத்தமிழ் தானாகவே பேனாவில் வந்து உட்காரும். நம் வட்டார வழக்குகளுக்குத் தனி அழகும் அரசியலும் உண்டு; அவற்றைத் தாழ்த்திச் சொல்லவில்லை. ஆனால் யாரோ ஒருவர் தனக்கு மாட்டிவிட்ட பேச்சை எதிர்த்துக் குறைசொன்ன பெண்ணுக்கு, நாமும் இன்னொரு பேச்சை மாட்டிவிடலாமா? வேறொரு மொழியில் பிறந்து, இந்த மொழியை அடி வாங்கிக் கற்று, ஒவ்வொரு சொல்லையும் பார்த்து எடுத்துவைக்கும் ஒருத்தியின் தமிழ் எப்படி இருக்கும்? அதைத் தேடுவது கடினம். தேடிப் பார்க்கத் தகுந்த கடினம்.

பிரதி இன்னும் திருத்தத்தில் இருக்கிறது என்பது ஆறுதல். புகழ்பெற்ற அந்தக் கேள்வியை நாடகத்திலிருந்து நீக்கச் சொல்ல மாட்டேன். அது பிறந்த ஆண்டையும் எழுதிய கையையும் சேர்த்துச் சொல்லட்டும். நாமும் மகளிர் தினச் சுவரொட்டியில் அதை எழுதும்போது, 1863, கேஜ் என்று கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்வோம். பக்கத்திலேயே 1828, பீட்டரின் வழக்கு என்று இன்னொரு வரிக்கும் இடம் விடுவோம்.